நூற்றிருபதும் ஆறும்

"120 மணி நேரச் சான்றிதழ், வீட்டிலிருந்தே, இரண்டே வாரத்தில், வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை." இந்த விளம்பரம் கைப்பேசியில் வந்து விழாத ஆங்கில ஆசிரியர் இன்று வேலூரில் இருக்க முடியாது. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு மெட்ரிக் பள்ளியில் 15 வருடம் பாடம் நடத்திவிட்டு, பிள்ளை காலேஜுக்குப் போனபிறகு ‘இனியாவது நாலு காசு பார்க்கலாமே’ என்று யோசிக்கிற மிஸ்ஸுக்கும் வருகிறது. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாத சாருக்கும் வருகிறது. இரண்டு வாரம் என்றால் 14 நாள். 120-ஐ 14-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு, அடுப்படி வேலையும் முடித்துவிட்டு, யார் எட்டரை மணி நேரம் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? யாரும் படிப்பதில்லை. கேள்விகளுக்குச் சரியான கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள், மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடுகிறது.

உறுத்துவது அந்தப் பொய்க் கணக்கு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 120 என்ற எண் சும்மா வந்ததல்ல. ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா (CELTA) என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்குப் பயிற்சியாளரோடு செலவிட வேண்டிய குறைந்தபட்ச நேரம் 120 மணி. சந்தையில் மதிப்புள்ள எண் என்பதால் மலிவுச் சான்றிதழ்களும் அதையே நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் செல்டாவின் உயிர் அந்த 120-இல் இல்லை. அதற்குள் இருக்கிற 6 மணி நேரத்தில் இருக்கிறது. நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று, பின்னால் ஒருவர் குறிப்பெடுத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பாடம் நடத்துகிற 6 மணி நேரம். இரண்டு வாரச் சான்றிதழில் இல்லாதது அதுதான். நாற்பதைத் தாண்டித் திரும்பப் படிக்க வருகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

"இந்த வயசுல படிப்பு ஏறுமா?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. ஏறும். செல்டாவில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உச்சவரம்பு கிடையாது. சேர்வதற்கு முன் இலக்கணக் கேள்விகளோடு ஒரு தாள் அனுப்புவார்கள், பிறகு நேர்முகம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் வளர்ந்த நம்மூர் ஆசிரியருக்கு அந்தத் தாள் பெரிய விஷயமில்லை. வினைமுற்று வடிவங்களின் பெயரெல்லாம் நமக்கு அத்துப்படி. இங்கே சிக்கல் புதிதாக ஏற்றுவதில் இல்லை, பழையதை இறக்குவதில்.

எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுநேரமாக என்றால் நான்கைந்து வாரம். பகுதிநேரமாக என்றால் சில மாதங்கள். இணையத்திலும் உண்டு, அங்கேயும் மாணவர்கள் நிஜமானவர்களே. பெரும்பாலும் 45 நிமிடப் பாடங்களாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு நடத்த வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 750 முதல் 1000 சொற்களில் நான்கு கட்டுரைகள். எழுத்துத் தேர்வு என்று தனியாக ஒன்றுமில்லை. செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். இதற்கு இணையாக மதிக்கப்படுவது லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசால் (CertTESOL) சான்றிதழ். அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியில் உங்களை மாணவராக உட்கார வைப்பார்கள். எதிரே நிற்பவர் வாயசைக்கிறார், உங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டுகிறார் என்பதால் நீங்களும் ஆட்டுகிறீர்கள். நம் வகுப்பில் கடைசி பெஞ்சு ஏன் தலையாட்டுகிறது என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவது பாடத்துக்குப் பிறகு

முதல் பாடத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. அடி விழுவது இரண்டாவது, மூன்றாவது பாடத்துக்குப் பிறகு. பாடம் முடிந்ததும் கூடப் படிப்பவர்களும் பயிற்சியாளரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கூடப் படிப்பவருக்கு 24 வயது இருக்கும், வகுப்பறையையே பார்த்திராத பெண். அவர் பாடம் ‘தரத்துக்கு ஏற்றது’ என்று தாளில் வரும். 20 வருடம் ஆங்கிலம் நடத்தியவர் பாடம் ‘தரத்துக்குக் கீழ்’ என்று வரும். கோபம் வரத்தான் செய்யும். படிப்பைப் பாதியில் விட்டுவிடலாமா என்ற யோசனை அன்று இரவுதான் எழும்.

அந்தத் தாளில் காரணம் ஒரே வரியில் இருக்கும்: ஆசிரியர் அதிகம் பேசுகிறார். பலகையில் ‘ஹேவ்’ போட்டு, ‘ஹேஸ்’ போட்டு, மூன்றாம் வடிவம் போட்டு, அம்புக்குறி இழுத்து, 15 நிமிடம் தெளிவாக விளக்கியிருப்பார். விளக்கத்தில் ஒரு பிழை இருக்காது. ஆனால் அந்த 15 நிமிடத்தில் மாணவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்திருக்காது. நடுவே ஐந்தாறு தடவை ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டிருப்பார். எல்லாரும் ‘எஸ்’ சொல்லியிருப்பார்கள்.

இது அவருடைய தகுதிக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. 55 பிள்ளைகளை 40 நிமிடம் ஒரே அறையில் அடக்கி, போர்ஷனையும் முடிக்க வேண்டிய இடத்தில், குரலை உயர்த்தி விளக்கிக்கொண்டே இருப்பதுதான் தொழில் நேர்த்தி. அந்தச் சூழலுக்கு அது சரி. பாங்காக்கிலோ மஸ்கட்டிலோ உங்கள் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத 12 பேர் முன்னால் அது எடுபடாது. அவர்களுக்கு விளக்கத்தின் ஆங்கிலமே பாடத்தின் ஆங்கிலத்தைவிடக் கடினம்.

இதற்கான விடையைப் பார்க்க லண்டன் போக வேண்டாம், காந்தி ரோட்டுக்குப் போனால் போதும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே மருந்துக்கடை வரிசையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். கல்கத்தாவிலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ வந்த பெரியவர் சீட்டை நீட்டுகிறார். கடைப் பையன் மாத்திரை அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடிக்கிறான். இந்தியில் காலைக்கு ‘சுபே’ என்று சொல்லி இரண்டு விரல். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து ‘ராத்’ என்று சொல்லி ஒரு விரல். அவ்வளவுதான் விளக்கம். பிறகு அட்டையைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, ‘ராத் கோ கித்னா?’, ராத்திரிக்கு எத்தனை, என்று கேட்கிறான். பெரியவர் ஒரு விரல் காட்டுகிறார். ‘சுபே?’ இரண்டு விரல். சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறான்.

அவன் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கவில்லை, கவனியுங்கள். கேட்டிருந்தால் பெரியவர் தலையாட்டியிருப்பார், லாட்ஜுக்குப் போய் மாற்றிப் போட்டிருப்பார். சொல்லைக் குறைத்தான், பொருளைக் கையில் பிடித்துக் காட்டினான், புரிந்ததா என்பதைப் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியால் சோதித்தான். செல்டாவில் முதல் இரண்டு வாரம் சொல்லிக் கொடுப்பது கிட்டத்தட்ட இந்த மூன்றும்தான்.

வகுப்பில் இது எப்படி வரும்? ‘ஹீ யூஸ்டு டு லிவ் இன் ஆற்காடு’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு ‘கடந்தகாலப் பழக்கத்தைக் குறிக்கும் அமைப்பு’ என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதை முடிந்தது. மூன்று சின்னக் கேள்வி போதும். இப்போது அவர் ஆற்காட்டில் இருக்கிறாரா? இல்லை. முன்பு இருந்தாரா? ஆமாம். ஒரு நாள் மட்டுமா, ரொம்ப நாளா? ரொம்ப நாள். கேள்விகள் எளிய சொற்களில் இருக்க வேண்டும், ஒற்றைச் சொல்லில் பதில் வர வேண்டும், சோதிக்கிற வடிவத்தையே கேள்விக்குள் போடக்கூடாது. ‘டஸ் ஹீ யூஸ்டு டு’ என்று கேள்வியிலேயே அதைப் புகுத்தினால் தெரியாததைத் தெரியாததால் சோதிப்பதாகிவிடும். இந்தக் கேள்விகளை வகுப்பில் நின்று யோசிக்க முடியாது. முதல் நாள் இரவே பாடத்திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காதவர் பதற்றத்தில் பழைய விளக்கத்துக்கே திரும்பிவிடுவார். பெரும்பாலான பாடங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு பயிற்சியை எப்படிச் செய்ய வேண்டும் என்று மாணவருக்குச் சொல்வதும் அப்படித்தான். பயிற்சித் தாளை முதலில் கொடுத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், தாளைத்தான் பார்ப்பார்கள். முதலில் சொல்லி, ஒருவரை வைத்துச் செய்துகாட்டி, ‘எழுத வேண்டுமா, பேச வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டு, அப்புறம் தாள். இந்த வரிசை மாறினால் ஐந்து நிமிடம் போச்சு.

ஒரு பழைய கதையை இங்கே இழுக்கத் தோன்றுகிறது. 1959-இல் நம் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி பெரிய அளவில் தொடங்கியது. ஆங்கிலக் கல்வி வரலாற்றில் அதன் பெயர் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுத்து, உருண்டு பெருத்து சுமார் 27,000 பேரை எட்டுவது திட்டம். இப்படி அடுக்கடுக்காக இறங்கும் பயிற்சிகள் எல்லாவற்றின் மேலும் ஒரே புகார்தான் உண்டு: மேலே செய்துகாட்டியது, கீழே வர வர, நோட்டில் எழுதிக்கொள்ளும் குறிப்பாக நீர்த்துவிடுகிறது. இரண்டு வார இணையச் சான்றிதழ் அந்த நீர்த்தலின் கடைசித் துளி என்பேன். கற்பிப்பதைப் பற்றிப் படிக்க வைக்கிறதே தவிர, கற்பிக்க வைப்பதில்லை.

நாக்கும் காதும்

உச்சரிப்பு என்றதும் நம்மவர்கள் பிரிட்டிஷ் பாணியை வரவழைக்கப் பார்க்கிறார்கள். வேண்டாத வேலை. நீங்கள் செய்யவேண்டியது, தமிழ் நாக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது. மெய்யில் முடிகிற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ஒரு உகரத்தை ஒட்டுவோம்: ‘பஸ்’ பஸ்ஸு ஆகும், ‘கேட்’ கேட்டு ஆகும். ‘எ’யில் தொடங்கினால் முன்னால் ‘ய’ வரும், ‘ஒ’வில் தொடங்கினால் ‘வ’ வரும்: யெக், வொன்லி. தாய்லாந்து, வியட்நாம் மாணவர்கள் செய்வது இதற்கு நேரெதிர், கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். நாம் வாலை நீட்டுகிறோம், அவர்கள் வாலை நறுக்குகிறார்கள். கடைசி மெய்யை அவர்களுக்குப் பழக்க நீங்கள் பயிற்சி கொடுக்கும்போது உங்கள் உகரம் உள்ளே நுழைந்தால், அவர்கள் அந்த உகரத்தையே கற்றுக்கொள்வார்கள். அரபு பேசும் மாணவருக்கு ‘பார்க்கிங்’கின் முதல் ஒலியும் ‘பார்பர்’ முதல் ஒலியும் ஒன்றாகக் கேட்கும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால் இந்தச் சிக்கலை நாம் வெள்ளைக்கார ஆசிரியரைவிட நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். உதட்டுக்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, ‘பார்க்கிங்’ சொல்லும்போது அது அசைகிறதா என்று பார்க்கச் சொல்வது பழைய வித்தை. இன்றும் வேலை செய்கிறது.

தமிழ் தெரியாதவரிடம் பழக வேலூரைவிட நல்ல ஊர் வேண்டுமா? சிகிச்சைக்காக வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிகளும் வடகிழக்குக்காரர்களும் சி.எம்.சி.யைச் சுற்றித் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கூட வந்தவர்களுக்குப் பகலில் காத்திருப்பதுதான் வேலை. நோயாளியின் கவலையில் இருப்பவர்கள், அதனால் உங்கள் பயிற்சிக்காக அவர்களை உட்கார வைக்காதீர்கள். டோக்கன், பில் கவுண்டர், ‘அடுத்து எப்போது வர வேண்டும்?’ என்று அவர்களுக்கு அன்றே பயன்படுகிற ஆங்கிலத்தை அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டால் வருபவர்கள் வருவார்கள். இந்தியில் இறங்கிவிடக்கூடாது, தமிழும் உதவாது. அப்போது தெரியும், நம் விளக்கத்தில் எவ்வளவு தமிழை ஊன்றுகோலாக வைத்திருந்தோம் என்று.

நாடும் காகிதமும்

படிப்பை முடித்துவிட்டு நாடு தேடுவது நம் வழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டிய காரியம். தென்கொரியா மொழி ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் ஈ-2 விசா ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதி உள்ளவர்களுக்கு உதவி ஆசிரியராக ஒரு சிறு வழி உண்டு. அதை நம்பிப் பெட்டி கட்ட முடியாது. ஜப்பானில் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பத்தாவதுவரை தமிழ் மீடியம் என்றால் அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியதுதான். நம் ஆட்களுக்கு நிஜமாகத் திறந்திருப்பது வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளும் மாலத்தீவும், தாய்லாந்து, வியட்நாம் போன்ற இடங்களும். வளைகுடாப் பள்ளி செல்டாவைவிட பி.எட்.டைத்தான் முதலில் கேட்கும், பல விளம்பரங்களில் வயது வரம்பும் இருக்கும். இந்தியாவில் பி.எட். 2015 முதல் இரண்டு வருடம், ஆகவே 44 வயதில் அதைத் தொடங்குகிறவர் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். தாய்லாந்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர் அல்லாதவரிடம் டொய்க் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். பொதுவாகச் சொல்லப்படுவது 990-க்கு 600. அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் முந்திக்கொண்டு எழுதிவைத்துப் பயனில்லை.

‘டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் பேச்சையே நீட்டாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்டா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

காகிதத்தில் வட ஆற்காட்டுக்காரருக்கு என்றே சில முடிச்சுகள் இருக்கின்றன. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002-இல். அதற்கு முன் ஊரீஸிலோ ஆக்ஸிலியத்திலோ மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ பட்டம் வாங்கியவர் கையில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம். உண்மைத்தன்மைச் சான்றுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போய் நின்றால், சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்துக்கு அனுப்புவார்கள். பல்கலைக்கழகத்தின் சான்று கிடைத்தபிறகு மாநில உயர்கல்வித் துறை, அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், சவூதி போன்று ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு, ஆவணம் உண்மையானது என்று அமைச்சகம் வைக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அவர்களுடைய தூதரக முத்திரையும் வேண்டும். பிறப்புச் சான்றில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும், ஆதாரில் ‘ராணிப்பேட்டை’ என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். 1989-இலும் 2019-இலும் மாவட்டம் பிரிந்தது அரசாணையில் இருக்கிறது.

பயப்பட வேண்டியது இனிஷியலுக்கு. பட்டத்தில் ‘ஆர். செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி ராமலிங்கம்’, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பான் கார்டில் ‘எஸ். செல்வி’. நமக்கு இது ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று பெண்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு வைத்திருப்பது இன்னும் சிக்கல். 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கெடுபிடி வைத்திருக்கிறது. மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் சில இடத்தில் எடுபடும், சில இடத்தில் எடுபடாது. ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு அந்தப் பெயரிலேயே செல்டாவில் பதிவு செய்யுங்கள். புதிதாக வாங்குகிற சான்றிதழாவது ஒத்துப்போகட்டும். போலீஸ் சான்று, பாஸ்போர்ட் சேவா மூலம் 500 ரூபாய், கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதைப் புதிதாகவே கேட்பார்கள். முதலிலேயே எடுத்துவைத்தவர்கள் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் முன்னால், ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்னால், செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. நாளைக்கு உங்கள் வகுப்பில் கைப்பேசியைக் கடைசி பெஞ்சில் வைத்து, 40 நிமிடத்தையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். இரவில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் குரல் எத்தனை நிமிடம், பிள்ளைகளின் குரல் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ‘புரிஞ்சுதா?’ எத்தனை முறை வருகிறது என்பதற்குத் தனியாகக் கோடு போடுங்கள். பெரும்பாலும் உங்கள் குரல் முப்பது நிமிடத்தைத் தாண்டும். அடுத்த வாரம் அதே வகுப்பில், அதே பாடத்தில், அந்தக் கோடுகளில் ஒன்றுகூட விழாமல் நடத்த முடிகிறதா என்று பாருங்கள்.